கோரை மாற்றலாம், டேங்கை மாற்றலாமா? பழைய கார்களின் ரேடியேட்டரை அடையாளம் காண்பதும் பொருத்துவதும்

1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் பெருங்களத்தூரில் கார் செய்துகொண்டிருந்தபோது, அந்த ஊரும் எங்கள் உத்திரமேரூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தன. வேன்கார்ட், டென், பிறகு 1961 முதல் 1971 வரை ஹெரால்ட் என்று அங்கிருந்து வெளிவந்த வண்டிகளை ரைஸ்மில்காரர்களும் டாக்டர்களும் பெரிய பண்ணைக்காரர்களும் வாங்கினார்கள். சென்னையில் வாங்கிய மாரிஸ், ஆஸ்டின், செவர்லே, ஃபோர்டு வண்டிகளும் இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஓடின. எண்பதுகளின் இறுதியில் பெருங்களத்தூர் ஆலை நின்றது. கொட்டகையில் தங்கிப்போன ஒரு வண்டியைப் பேரப்பிள்ளைகள் இன்று வெளியே தள்ளிக்கொண்டு வந்து சீரமைக்க நினைத்தால், அவர்களை முதலில் மடக்குவது ரேடியேட்டர்தான். எஞ்சின் பாகத்தை லேத்தில் கடைந்துகொள்ளலாம், தகர வேலைக்கு ஆள் கிடைப்பார்கள், சீட்டைத் தைத்துவிடலாம். ரேடியேட்டரில் மட்டும், முன்னால் இருப்பது அந்த வண்டியோடு பிறந்ததுதானா என்பதே தெரிவதில்லை.

அது தெரியாமலேயே வேலை தொடங்கிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். ‘ஒழுகுது, வேற மாட்டிடலாம்’ என்ற ஒரே பேச்சில் பித்தளை டேங்க் எடைக்குப் போய்விடுகிறது. அடையாளம் காணும் வேலை முடியும்வரை ரேடியேட்டரில் எதையும் வெட்டக்கூடாது, எதையும் வாங்கக்கூடாது. தேய்ந்துபோகும் கோரை, அதாவது குழாய்களும் ஃபின் தகடுகளும் அடுக்கிய நடுப்பகுதியை, மாற்றலாம். அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்ட மேல் டேங்க், கீழ் டேங்க், ஷெல் என்ற வெளிக்கூடு, சேசிஸில் உட்காரும் கால்கள் ஆகியவற்றைக் காப்பாற்றியே ஆகவேண்டும். இந்த முடிவுக்கு எப்படி வருகிறேன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. ரேடியேட்டரின் வடிவத்தை வைத்தே காலத்தைக் கணிக்க அது உதவும். தொடக்கக் காலக் கார்களில் வளைத்த குழாய்மேல் தகட்டு வளையங்களைக் கோத்த அமைப்புதான் இருந்தது. நிறைய தண்ணீர் சுமக்கவேண்டும், அப்படியும் கொதிக்கும். 1900-ல் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக், கார் வணிகர் எமில் ஜெலினெக்குக்காக வடிவமைத்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரில் தேன்கூட்டு ரேடியேட்டரை வைத்தார். 6 மில்லிமீட்டர் சதுரத் துளை கொண்ட 8,070 சிறு குழாய்களை அடுக்கிப் பற்றவைத்த பெட்டி அது. காற்று குழாய்களுக்குள்ளே போகும், தண்ணீர் குழாய்களின் இடுக்கில் இறங்கும். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்குக் காரின் முகம் என்றால் ரேடியேட்டர்தான். முப்பதுகளின் நடுவில் கிரில் என்ற மறைப்பு முன்னால் வந்ததும் ரேடியேட்டர் உள்ளே ஒதுங்கி, தட்டைக் குழாயும் தாமிர ஃபின்னும் கொண்ட மலிவான வடிவத்துக்கு மாறிவிட்டது. நம் ஊர் அம்பாசிடர், ஃபியட் 1100, ஹெரால்ட் எல்லாம் இந்த வகைதான்.

ஷெல்லின் உலோகமும் காலத்தைச் சொல்லும். ஃபோர்டு மாடல் டி வண்டிக்கு 1916 மாடல் வரை பித்தளை ரேடியேட்டர், 1917 முதல் கறுப்பு ஷெல். இருபதுகளில் நிக்கல் முலாம் பொதுவானது, இருபதுகளின் கடைசியில் குரோம் வந்தது. குரோம் சற்று நீலம் பாய்ந்து மினுங்கும், நிக்கலில் லேசான மஞ்சள் சூடு இருக்கும். விலையுயர்ந்த சில வண்டிகளில் ஷெல்லே ஜெர்மன் சில்வர். தாமிரம், துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம் அது, வெள்ளி துளியும் கிடையாது. இதைக் கண்டுபிடிக்க ஷெல்லின் கீழ் விளிம்பைத் திருப்பி, வெளியே தெரியாத இடத்தில் மெல்லிய அரத்தால் ஒரு கீறு போட்டுப் பார்த்தால் போதும். உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளைமேல் முலாம், எவ்வளவு கீறினாலும் அதே வெண்மை என்றால் ஜெர்மன் சில்வர். அந்த ஷெல்லுக்குக் குரோம் முலாம் போடுவது பெரிய இழப்பு. பாலிஷ் மட்டுமே போதும். பித்தளை என்றதும் வீட்டு வழக்கப்படி புளி போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. முலாம் தேய்ந்து பித்தளை எட்டிப்பார்க்கும் இடங்களில் அந்தப் புளிப்பு தங்கினால் அரிப்பு பரவும்.

எங்கே பார்ப்பது

ஒரு ரேடியேட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கத் தொடங்கவேண்டிய இடம் மேல் டேங்கின் பின்பக்கம், எஞ்சினை நோக்கிய முகம். செய்த நிறுவனம் ஒரு சிறு பித்தளைப் பட்டையை ஈயத்தால் ஒட்டியிருக்கும், அல்லது டேங்கின்மேலேயே எண்ணைக் குத்தியிருக்கும். ஐம்பது அறுபது ஆண்டுப் பெயின்ட் அதை மூடியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும். பெயின்ட் ரிமூவரைத் தடவி, மரக்குச்சியால் சுரண்டவேண்டும். அமெரிக்க வண்டிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஹாரிசன், 1916-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ரேசீனில் தொடங்கிய மோடைன் போன்ற பெயர்கள் கிடைக்கலாம். ஆங்கிலேய வண்டிகளில் மாரிஸ் ரேடியேட்டர்ஸ், மார்ஸ்டன், செர்க் போன்றவை. பெயர் கிடைப்பதால் வண்டி எது என்று உறுதியாகிவிடாது. ஒரே நிறுவனம் பல கார்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறது. தேடவேண்டிய பட்டியலை அது குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

அடுத்து அளவுகள். கோரின் அகலம், உயரம், கனம், எத்தனை வரிசைக் குழாய், ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஃபின், மேல் ஓஸ் வாயும் கீழ் ஓஸ் வாயும் நடுவிலா ஓரத்திலா, எத்தனை விட்டம். கிராங்க் கம்பி போட்டுச் சுற்றும் வண்டி என்றால் அந்தக் கம்பிக்கான துளை கீழ் டேங்கின் ஊடாகப் போகிறதா, அடியில் போகிறதா என்று பார்க்கவேண்டும். வேறு வண்டியிலிருந்து வந்து உட்கார்ந்த ரேடியேட்டரை இந்த ஒரு துளையே பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தியாவுக்கு வந்த வண்டிகளில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஃபோர்டு இந்தியாவில் 1926-ல் கடை விரித்தது, ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சீவ்ரியில் கார்களைக் கோக்கத் தொடங்கியது. வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளும் பாகங்களும் பெரும்பாலும் கனடாவிலிருந்து வந்தன. எனவே அமெரிக்கக் கையேட்டிலுள்ள எண்ணும் நம் வண்டியிலுள்ள எண்ணும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆங்கிலேயர்களும் வெப்ப நாடுகளுக்குத் தனி வகைகளைச் செய்தார்கள். மாரிஸ் நிறுவனம் இருபதுகளில் காலனி நாடுகளுக்கென்றே ‘எம்பயர் ஆக்ஸ்போர்டு’ என்ற மாடலை இறக்கியது. சூடான நாட்டுக்கு வந்த வண்டியில் கோர் ஒரு வரிசை தடிமனாக இருந்தால் அதைத் தவறு என்று முடிவுகட்டி, இங்கிலாந்துப் படத்திலுள்ள மெல்லிய கோரைத் தேடி வாங்குவது இரட்டை நஷ்டம். பணமும் போகும், வண்டியும் கொதிக்கும்.

முந்தைய பழுதுகளையும் படிக்கவேண்டும். ஒரு கல்வெட்டின்மேல் பிற்காலத்தார் வெட்டிய எழுத்துபோல, எந்த ஈயப் பூச்சு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் வரிசை புரியும். ஆலையில் வைத்த ஈயம் மெல்லியதாக, தையல் முழுக்க ஒரே சீராக ஓடியிருக்கும். பட்டறையில் வைத்தது மேடு மேடாக நிற்கும். மேல் டேங்க் பழையதாக இருந்து, கோர் அம்பாசிடரினுடையதை வெட்டி ஒட்டியது என்றால், ஓரப் பட்டையில் அதற்கான வெட்டுக் கோடு இருக்கும். இப்படிப்பட்ட கலவை ரேடியேட்டர்கள் நம் நாட்டில் சாதாரணம். பாகம் இறக்குமதி செய்ய வழியில்லாத பத்தாண்டுகளில் வண்டியை ஓட வைத்தவர்களின் வேலை அது. அதைக் கேவலமாகப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அதையே மூலம் என்று நம்பி அளவெடுத்துப் புதுக் கோர் செய்யச் சொல்வதும் ஆபத்து.

தண்ணீர் இறக்கும் டேப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கீழ் டேங்கின் மூலையில் விரல் தடிமனில் ஒரு பித்தளை டேப் இருக்கும். அது போயிருந்தால் சென்னைப் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ ஒன்று வாங்கித் திருகிவிடுவார்கள். ஆங்கிலேய வண்டி என்றால் பெரும்பாலும் கால் அங்குல பி.எஸ்.பி. மரை, அங்குலத்துக்கு 19 புரி, வெளி விட்டம் சுமார் 13.2 மில்லிமீட்டர். அமெரிக்க வண்டியில் கால் அங்குல என்.பி.டி., அங்குலத்துக்கு 18 புரி, விட்டம் சுமார் 13.7, அதோடு நுனியை நோக்கிச் சரிவு. ஒன்றை மற்றொன்றில் வைத்தால் இரண்டு சுற்று தாராளமாகப் போகும், மூன்றாவது சுற்றில் இறுகும். ‘நல்லா டைட்டா உட்காருது’ என்று ஸ்பேனர் போட்டு இழுத்தால், டேப்பைத் தாங்கும் பித்தளைக் குமிழ் டேங்கின் மெல்லிய தகட்டோடு சேர்ந்து கிழிந்து வரும். இருபது ரூபாய் வேலைக்கு டேங்கே போய்விடும். மரை அளக்கும் கேஜ் ஒன்று பட்டறையில் இருக்கவேண்டும், டேப் கையால் முழுமையாக ஏறவேண்டும், ஸ்பேனர் கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும்தான். போல்ட்டுகளுக்கும் இதே கவனம் தேவை. போருக்கு முந்தைய ஆங்கிலேய வண்டிகளில் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., ஐம்பதுகளுக்குப் பிறகு யு.என்.எஃப்., ஃபியட்டில் மெட்ரிக். முதல் இரண்டின் புரிக் கோணம் 55 டிகிரி, மற்றவற்றுக்கு 60.

பம்ப் இல்லாத வண்டிகளும் மூடியின் அழுத்தமும்

ஆஸ்டின் செவன் போன்ற சிறு வண்டிகளிலும், முதல் 2,500 அளவிலான வண்டிகள் தவிர்த்த மாடல் டி-யிலும் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் இலேசாகி மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்க, தானாகவே சுற்றும். இதைத் தெர்மோசைஃபன் என்பார்கள். இந்த வண்டிகளுக்குக் கோர் தேடும்போது குளிர்விக்கும் பரப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. தண்ணீரைத் தள்ள ஆள் இல்லாததால் வழி அகலமாக இருக்கவேண்டும். டிராக்டருக்கான குறுகிய குழாய்க் கோரை வெட்டி வைத்தால், பரப்பு அதிகமாக இருந்தும் சுற்றோட்டம் மந்தமாகி எஞ்சின் தலை கொதிக்கும். அதோடு, தண்ணீர் மட்டம் மேல் ஓஸ் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்றோட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே மேல் டேங்கின் உயரத்தை மாற்றக்கூடாது, மேல் ஓஸின் ஏற்றச் சரிவையும் மாற்றக்கூடாது.

பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ரேடியேட்டர் திறந்த அமைப்பு. மூடி வெறும் மூடிதான், கழுத்திலிருந்து ஒரு வழிகுழாய் கீழே போகும். தண்ணீர் குளிர்ந்த நிலையிலிருந்து கொதிநிலைக்கு வரும்போது ஏறக்குறைய 4 சதவீதம் விரியும். 10 லிட்டர் பிடிக்கும் வண்டியில் அது 400 மில்லி. கழுத்துவரை ஊற்றினால் அந்த 400 மில்லி சாலையில் கொட்டத்தான் செய்யும், அதைப் பார்த்து ‘லீக்’ என்று கோரைப் பிரித்தவர்கள் உண்டு. கோரின் தலையும், பம்ப் இல்லாத வண்டியில் மேல் ஓஸ் வாயும் மூழ்கும் அளவு ஊற்றி, அதற்குமேல் இடம் விடவேண்டும். மலையேறும் வண்டிக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. உத்திரமேரூரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். சமவெளியில் நன்றாக ஓடிய திறந்த ரேடியேட்டர் குன்னூர் வளைவுகளில் ஆவி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழுத்த மூடி வந்தபின் கொதிநிலை உயர்ந்தது. சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு மூடியில் சுமார் 107 டிகிரி, 7 பவுண்டில் 111, 13 பவுண்டில் 119. இதைக் கேட்டதும் பெரிய மூடியாகப் போட்டால் கொதிக்காதே என்று தோன்றும். 18 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள ஒரு மேல் டேங்க் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 72 சதுர அங்குலம். 4 பவுண்டு அழுத்தத்தில் அதன்மேல் உள்ளிருந்து 130 கிலோ தள்ளும், 13 பவுண்டில் 425 கிலோ. தகட்டைப் பிடித்திருப்பது மெல்லிய ஈயத் தையல். கடையில் தூக்கிக் கொடுக்கும் இன்றைய கார் மூடியைப் பழைய கழுத்தில் மாட்டும்போது நாம் இதைத்தான் கேட்கிறோம். மூடியின் ஆழமும் முக்கியம். ஆங்கிலேயக் கழுத்துகளில் விளிம்பிலிருந்து உள் இருக்கைவரை ஒரு அங்குலம் உள்ளதும் உண்டு, முக்கால் அங்குலம் உள்ளதும் உண்டு. ஆழக் கழுத்தில் குட்டை மூடி போட்டால் ஸ்பிரிங் இருக்கையைத் தொடவே தொடாது, அழுத்தம் நிற்காது. மாற்றிப் போட்டால் மூடியே பூட்டாது. ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போகவேண்டும்.

ரேடியேட்டர்மேல் நிற்கும் வெப்பமானியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாய்ஸ் மோட்டோமீட்டர் போன்றவை தண்ணீருக்கு மேலுள்ள ஆவியின் சூட்டைத்தான் அளக்கும். குமிழ் தண்ணீரில் முங்கக்கூடாது. அலங்காரத்துக்காக வாங்கி நீளத்தைப் பார்க்காமல் மாட்டினால் காட்டும் அளவை நம்பமுடியாது.

மூன்று கட்சிகள்

கோர் போனால் என்ன செய்வது என்பதில் சீரமைப்பாளர்களிடையே மூன்று கருத்துகள் உள்ளன. மூல வடிவிலேயே தேன்கூட்டுக் கோர் செய்யவேண்டும் என்பது முதல் தரப்பு. இங்கிலாந்தில் சில பட்டறைகள் இன்னும் செய்கின்றன. ஆயிரக்கணக்கான குழாய்களின் முனைகளை அறுகோணமாக விரித்து, அடுக்கி, உருகிய ஈயத்தில் முனைகளைத் தோய்க்கும் வேலை. செலவு அதிகம். முன்னால் தேன்கூடு போலத் தெரியும் ஃபின்னும் பின்னால் சாதாரணக் குழாயுமாகச் செய்துகொள்வது இரண்டாம் தரப்பு. அலுமினிய ரேடியேட்டரும் மின்விசிறியும் வைத்து ஓட்டுவோம் என்பது மூன்றாவது.

மூன்றாவது தரப்பை நான் ஏற்கவில்லை. அலுமினியம் இலேசானது, நல்ல குளிர்விப்புத் தரும், மறுக்கவில்லை. ஆனால் வார்ப்பிரும்பு எஞ்சின், பித்தளைப் பொருத்திகள், அலுமினியக் கோர் மூன்றும் ஒரே தண்ணீரில் இருந்தால், அரிப்புத் தடுக்கும் திரவத்தைத் தவறாமல் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கிராமத்தில் வெறும் தண்ணீர் ஊற்றும் கை ஒன்று எப்படியும் வந்துவிடும், அப்போது முதலில் அரிபடுவது அலுமினியம். அதைவிட முக்கியமானது, அலுமினியத்தில் ஓட்டை விழுந்தால் உத்திரமேரூரில் அடைக்க ஆளில்லை, பித்தளைக்கு இருக்கிறார்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் பழங்கால வாகனங்களுக்குக் கொண்டுவந்த பதிவு விதி, 50 ஆண்டு கடந்து மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துள்ள எண்ணைத் தருகிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது என்கிறது அது. ரேடியேட்டரை விதி பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. சட்டம் விட்டுவைத்த இந்த இடத்தில் உரிமையாளரின் பொறுப்புதான் வேலை செய்யவேண்டும். உலகப் பழங்கால வாகனக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்ற டூரின் சாசனமும், முடிந்தவரை மூலப் பாகத்தைக் காப்பதையும் செய்த மாற்றத்தைப் பதிந்து வைப்பதையும்தான் வலியுறுத்துகிறது.

முதல் தரப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு, கோயம்புத்தூர் ஜிடி கார் அருங்காட்சியகத்தில் நிற்பதுபோன்ற காட்சி வண்டிக்கு அதுவே சரி. ஊரில் ஓடப்போகும் வண்டிக்கு இரண்டாம் தரப்பே என் தேர்வு, ஒரு நிபந்தனையோடு: டேங்குகளும் ஷெல்லும் கால்களும் மூலமாகவே இருக்கவேண்டும், கழற்றிய கோர் வண்டியோடு இருக்கவேண்டும்.

நம் பட்டறைகள் தெரிந்து வைத்திருப்பது

உத்திரமேரூர், மதுராந்தகம், வந்தவாசி பக்கத்தில் டிராக்டருக்கும் லாரிக்கும் நெல் அறுவடை வண்டிக்கும் ரேடியேட்டர் பார்க்கும் பட்டறைகளில் இந்த வேலைக்கான கை இருக்கிறது. தாமிர மண்டையுள்ள இரும்பைக் காயவைத்து, நவச்சாரக் கட்டியில் ஒரு இழுப்பு இழுப்பார்கள். வெள்ளைப் புகை எழும்பும், மண்டை பளிச்சென்று வெளுக்கும், ஈயம் அதில் ஒட்டிக்கொள்ளும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர்கள் பயன்படுத்திய அதே நவச்சாரம். மேல் டேங்கைப் பிரித்து, தட்டைக் குழாய்களுக்குள் மெல்லிய பட்டைக் கம்பியை விட்டு உப்பைத் தள்ளுவது அவர்களுக்கு அன்றாடம்.

தேன்கூட்டுக் கோர் வந்தால் மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். அதில் கம்பி விட்டால் காற்றுத் துளைக்குள்தான் போகும், தண்ணீர்ப் பாதையைத் தொடாது. போகிற வழியில் மெல்லிய சுவரைக் கிழிக்கும். நடுக் குழாய் ஒன்று ஒழுகினால் இரு முனையையும் ஈயத்தால் மூடுவதே வழி, ஒவ்வொரு மூடலும் குளிர்விக்கும் பரப்பில் ஒன்றைத் தின்னும். உப்பு எடுக்க சிட்ரிக் அமிலக் கரைசலை இளஞ்சூட்டில் நிறுத்தி, பிறகு பலமுறை அலசவேண்டும். துத்தநாகம் போட்டுக் கரைத்த ஆசிட்டை ஃபிளக்ஸாகப் பயன்படுத்தினாலும் அப்படித்தான். கழுவாமல் விட்ட இடத்தில் ஆறு மாதத்தில் பச்சை பூத்துத் தையல் விட்டுவிடும்.

ஒழுகலைச் சோதிக்க லாரி டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை நேராக வைப்பது பெரிய தவறு. கீழ் வாயை அடைத்து, மேல் வாயில் ஒரு தெளிவான ஓஸை மாட்டி, அதை 2 மீட்டர் உயரத்துக்குத் தூக்கித் தண்ணீர் ஊற்றி நிறுத்தினால் மூன்று பவுண்டுக்குச் சற்றே குறைந்த அழுத்தம் கிடைக்கும். திறந்த அமைப்புக்கு அது தாராளம். ஒரு மணி நேரம் விட்டால் எங்கே வேர்க்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடலாம்.

இந்தக் கைத்திறனோடு ஒரு கேடும் சேர்ந்திருக்கிறது. ஈயத்தூளும் புகையும் நாள்தோறும் மூச்சில் போகின்றன, கை கழுவாமல் டீ குடிப்பதில் வயிற்றுக்கும் போகின்றன. ரேடியேட்டர் வேலைசெய்பவர்களின் இரத்தத்தில் ஈயம் ஏறுவது உலகெங்கும் பதிவான தொழில்நோய். வண்டி உரிமையாளர் தன் பழைய காருக்குச் செலவழிக்கும் தொகையில் அந்தப் பட்டறைக்கு ஒரு புகைபோக்கி விசிறியும் சோப்பும் வாங்கிக் கொடுக்கலாம். உத்திரமேரூர் இன்று இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இலட்சக்கணக்கில் கார்கள் உருவாகின்றன. அவற்றின் ரேடியேட்டர் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும்தான், கெட்டால் எறிந்துவிட்டு மாற்றுவதுதான். டிராக்டர்களும் அந்த வழிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பித்தளை ரேடியேட்டர் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேலை குறையும் இந்த நேரத்தில், பழைய கார்க்காரர்கள் அவர்களிடம் போவது இரு தரப்புக்கும் தேவை.

வேன்கார்ட் வைத்திருப்பவர்களுக்கு டிராக்டர் பட்டறை வேறு வகையிலும் உறவு. கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் ஃபெர்குசன் டிஇ-20 டிராக்டருக்குப் போட்ட எஞ்சினும் வேன்கார்டின் 2,088 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம். தண்ணீரில் நனைந்து நிற்கும் கழற்றக்கூடிய லைனர்கள் இரண்டுக்கும் பொது. பழைய ஃபெர்குசனைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குக் கேட்காமலேயே தெரியும், லைனர்களின் அடியில் சேறும் துருவும் கெட்டிப்பட்டுக் கிடக்கும், பிளாக்கின் இறக்கும் டேப்பைத் திறந்தால் சொட்டுக்கூட வராது. அதைக் கம்பி விட்டுக் கிளறிக் கழுவாமல் புதுக் கோரைப் பொருத்தினால், முதல் ஓட்டத்திலேயே அந்தத் துரு முழுவதும் கோரின் மேல்வாயில் வந்து குந்திக்கொள்ளும். மற்ற வண்டிகளுக்கும் பிளாக்கைக் கழுவிய பிறகுதான் ரேடியேட்டர். அதற்கு முன், கொதிப்புக்கு ரேடியேட்டர்தான் காரணமா என்பதையும் உறுதிசெய்துகொள்ளவேண்டும். டைமிங் பின்தங்கியிருந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தாலும், ஃபேன் பெல்ட் வழுக்கினாலும் வண்டி சூடாகும்.

பொருத்துதல்

ரேடியேட்டரைப் பொருத்துவது பெயின்ட்டுக்கு முன் செய்யவேண்டிய வேலை. பழைய வண்டிகளில் பானெட்டின் முன் விளிம்பு ரேடியேட்டர் ஷெல்மேல்தான் உட்காரும். ரேடியேட்டர் கால் அங்குலம் சாய்ந்தால் பானெட் மூடாது, கதவுக் கோடுவரை இழுபடும். மேலிருந்து டேஷ் சுவருக்குப் போகும் தாங்குகம்பியின் நட்டுகளைத் திருகி இதைச் சரிசெய்யவேண்டும். ஹெரால்டில் முன்பாகம் முழுவதும் கீல்போட்டுத் தூக்கும் அமைப்பு என்பதால் வேலை எளிது.

கால்களை இறுக்கி முறுக்கக்கூடாது. அந்தக் காலத்துச் சேசிஸ் மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ரேடியேட்டருக்கு ஏறாமல் இருக்கத்தான் ஸ்பிரிங், ரப்பர், தோல் அட்டை என்று ஏதாவது ஒன்றைக் காலுக்கடியில் வைத்தார்கள். அது தொலைந்துபோனதால் இரும்பு வாஷர் போட்டு இறுக்கிய வண்டிகளில், எத்தனை முறை ஈயம் வைத்தாலும் கீழ் டேங்கின் மூலை விரிந்துகொண்டே இருக்கும். பழைய லாரி டியூப்பை வெட்டி அட்டையாக வைத்து, நட்டைக் காட்டர் பின் போட்டுப் பூட்டி, ஸ்பிரிங் சற்று அமுங்க இடம் விட்டால் அந்தத் தொல்லை தீரும். ஷெல்லும் பானெட்டும் தொடும் இடத்தில் பருத்திப் பட்டை நாடா வைப்பது மூல வழக்கம். முலாமும் தப்பும், சத்தமும் வராது.

ஓஸ் வாங்கும்போது வளைவைக் கட்டாயப்படுத்தி நேர்க்குழாயை மடக்கவேண்டாம், உள்ளே சுருங்கிவிடும். பம்ப் உள்ள வண்டியில் கீழ் ஓஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே கம்பிச் சுருள் தேவை. கிளிப் விஷயத்தில் மூலத்தன்மை பார்ப்பவர்கள், இன்று எல்லோரும் பயன்படுத்தும் திருகு கிளிப்பை லம்லி ராபின்சன் 1921-ல் தான் உருவாக்கினார் என்பதை நினைவில் வைக்கலாம். அதற்கு முந்தைய வண்டியில் கம்பிக் கிளிப்தான் பொருந்தும்.

தண்ணீருக்கு வருவோம். இந்தப் பகுதியில் போர் தண்ணீர் கடினம், சூடேறியதும் சுண்ணாம்பு படியும், படிந்த சுண்ணாம்பு தாமிரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் மந்தமாகச் சூட்டைக் கடத்தும். ஏரித் தண்ணீரில் வண்டல். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை நன்றாகக் கழுவப்பட்டபின் பிடித்த தண்ணீர் நல்லது, இல்லையேல் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். நமக்குப் பனி உறையும் பயமில்லை, அரிப்பைத் தடுக்க மட்டும் கூலன்ட் வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆர்கானிக் அமில வகைக் கூலன்ட் பழைய ஈயத் தையல்களைப் பாதிக்கலாம் என்று இங்கிலாந்தின் பழைய வாகனச் சங்கங்கள் எச்சரித்திருக்கின்றன. பழைய பாணி நீல நிறக் கூலன்டே பாதுகாப்பு, நிறத்தை மட்டும் நம்பாமல் டப்பாவில் வகையைப் படித்தபின்.

முதல் ஓட்டம் நெடுஞ்சாலையில் வேண்டாம். அங்கே காற்று நிறைய வரும், ரேடியேட்டரின் குறை தெரியாது. நம் ஊரில் பழைய கார்கள் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும் வேகம்தான் உண்மையான சோதனை. நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடைவேகத்தில் ஒரு மணி நேரம், காற்று ஃபேனிலிருந்து மட்டும். (‘விஏ’ எண் வாங்கிய வண்டியை வாடகைக்கு விட விதி இடம்தராது.) கிராமச் சாலையில் அந்த வேகத்தில் ஓட்டி, இன்ஃப்ராரெட் வெப்பமானியை மேல் டேங்கிலிருந்து கீழ் டேங்கு வரை, இடமிருந்து வலம் கோரின்மேல் நகர்த்திப் பார்க்கவேண்டும். மேலிருந்து கீழ் சீராகக் குறைந்தால் நல்லது. சுற்றிலும் சூடாக இருக்க ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் போகவில்லை, அடைப்பு.

ஓடத் தொடங்கிய ஒரு மாதத்தில் தண்ணீரை வெள்ளைத் துணி வழியாக இறக்கி, துரு எவ்வளவு வருகிறது என்று பார்த்து, மறுபடி நிரப்பவேண்டும். கழற்றிய பழைய கோரில் ஒரு தகட்டைக் கட்டி, எந்த வண்டி, சேசிஸ் எண் என்ன, எந்த மாதம் கழற்றியது, கோரின் அளவும் வரிசையும் என்ன, எந்த ஊர்ப் பட்டறையில் புதுக் கோர் கட்டியது என்று ஆணியால் எழுதி, கொட்டகைப் பரணில் வைத்துவிடலாம். டேங்கின் பின்பக்கம் கண்டெடுத்த எண்ணின் படத்தை ஆர்சி புத்தகத்தோடு வைக்கவேண்டும். அடுத்த முறை கோர் மாற்றவேண்டி வரும்போது அளவெடுக்க அந்தப் பழைய கோர் கையில் இருக்கும்.